புது டிஷ் ட்ரை பண்ணா பாதிக்குப் பாதி சொதப்புது, எங்க தப்பு பண்றேன்?

அரைக்கரண்டி:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தவன், முதல் தடவையா திரி ஆரம்பிக்கிறேன். தப்பான பகுதியில போட்டிருந்தா மாடரேட்டர் மாத்தி விட்டுடுங்க.

தினசரி சமையல் எனக்குக் கண்ணை மூடிட்டு வரும். மொத்தமே ஏழெட்டு ஐட்டம்தான், அதையே திருப்பித் திருப்பி. வீட்ல எல்லாருக்கும் அலுத்துப்போச்சு, எனக்கும்தான். அதனால ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு புது டிஷ்னு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் எட்டு பண்ணிருக்கேன், நாலு தேறுச்சு, நாலு குப்பைக்குப் போச்சு.

போன வாரம் நடந்ததைச் சொல்றேன், சிரிக்காதீங்க. வொயிட் சாஸ் பாஸ்தா. வீடியோவுல ரெண்டு பேருக்கான அளவு, நாங்க நாலு பேருன்னு எல்லாத்தையும் டபுள் பண்ணேன். வெண்ணெயை உருக்கி, மைதா போட்டு கிண்டி, பாலை ஊத்தி "கெட்டியாகுற வரைக்கும் கிளறவும்"னு இருந்துச்சு. அடுப்பை சிம்ல வெச்சு கிளறுறேன் கிளறுறேன், அஞ்சு நிமிஷமா பால் பாலாவே இருக்கு. சரி டபுள் பண்ணதுல மைதா கம்மியாயிடுச்சு போலன்னு மேல ரெண்டு ஸ்பூன் மைதாவை அப்படியே தூவிட்டேன். தூவுன உடனே குட்டிக் குட்டி உருண்டையா மிதக்க ஆரம்பிச்சுது. கரண்டியோட பின்பக்கத்தால அமுக்கினா வழுக்கிட்டு ஓடுது. ஒண்ணை எடுத்து ரெண்டா வெட்டிப் பாத்தேன், உள்ள காஞ்ச வெள்ளை மாவு, பாக்கெட்ல இருந்த மாதிரியே இருக்கு! சரின்னு தீயைக் கூட்டினேன், கொதி வந்துச்சோ இல்லையோ மொத்தமும் திடீர்னு இறுகிடுச்சு. சுவத்துக்குப் பூசலாம் அந்த அளவுக்கு. ருசியும் பச்சை மாவு.

மேல தூவ வெங்காயம் வதக்கச் சொல்லிருந்தாங்க, "பொன்னிறமாக 10 நிமிடம்". பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா தண்ணில குளிச்சுட்டு வந்த மாதிரி வெளுத்துக் கெடக்கு. தீயை ஏத்தினேன், ஓரமெல்லாம் கருகி நடுவுல பச்சையா நின்னுடுச்சு.

பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டா, ஸ்பூனை ரொம்ப மரியாதையா கீழ வெச்சுட்டு, "அப்பா, பிரெட் இருக்கா?"ன்னு கேட்டா. அவ்ளோதான்.

அளவு ஒரு கரண்டி கூட மாத்தாம அப்படியே பண்றேன், அப்புறமும் ஏன் இப்படி ஆகுது? ரெசிபி தப்பா, என் அடுப்பு தப்பா, நான்தான் தப்பா? அடிக்கடி புதுசு பண்றவங்க எப்படி அணுகுறீங்க, பொருள் வீணாகாம பண்றதுக்கு ஏதாவது வழி இருக்கா?


சாம்பல்பூனை:

எட்டுக்கு நாலு நல்ல ஸ்கோர் பாஸ். நான் முதல் பத்துல ரெண்டு. வீட்டுக்கு ஆள் வர்ற அன்னைக்கு மட்டும் புதுசா எதுவும் தொடாதீங்க, இது ரத்தத்துல எழுதின விதி (கேரட் துருவுறப்ப என் விரல் ரத்தம்).


வாணலிவாசி:

தம்பி, முதல்ல ஒண்ணு, "அளவு மாத்தாம அப்படியே பண்ணேன்"னு சொல்றீங்க, ஆனா ஆரம்பத்துலயே டபுள் பண்ணிட்டீங்க. மாத்தினதே அதுதான்.

பொருளை டபுள் பண்ணலாம், உங்க வாணலியோட அகலம் டபுள் ஆகாது, அடுப்போட சூடும் டபுள் ஆகாது. வெங்காயத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணிதான். அந்தத் தண்ணி ஆவியாப் போற வரைக்கும் வாணலிக்குள்ள சூடு 100 டிகிரியைத் தாண்டவே தாண்டாது. வெங்காயம் பொன்னிறமாகுறதுக்கு அதுக்கு மேல, ஒரு 140 டிகிரி பக்கம் போனாத்தான் மளமளன்னு நெறம் ஏறும். 1912ல லூயி கமில் மயார்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் இதைப் பத்தி எழுதினார், புரதமும் சர்க்கரையும் சூட்டுல சேர்ந்து நெறமும் வாசனையும் குடுக்குறது, அவர் பேர்லயே இன்னைக்கும் சொல்றாங்க. அப்ப நீங்க ரெண்டு மடங்கு வெங்காயத்தை அதே வாணலில குமிச்சா என்ன ஆகும், கீழ இருக்கிறது விடுற ஆவி மேல இருக்கிறதை அவிக்கும். வதங்கலை, அவிஞ்சிருக்கு. காளான், கறித் துண்டு எல்லாத்துக்கும் இதே கதைதான், வாணலியில இடம் விட்டுப் போடணும், இல்லன்னா ரெண்டு தடவையா போடணும்.

இன்னொரு விஷயம், அந்தப் பத்து நிமிஷமே பொய். நல்லா தேன் கலர்ல வர்றதுக்கு மிதமான தீயில 40 நிமிஷம், சில சமயம் முக்கால் மணிக்கு மேலயும் ஆகும். வீடியோவுல வெட்டி ஒட்டிடுவாங்க, எழுதுறவங்க "40 நிமிஷம்"னு போட்டா யாரும் பண்ண மாட்டாங்கன்னு பத்துன்னு போட்டுடுவாங்க. நான் இப்பல்லாம் ரெசிபில இருக்கிற நிமிஷத்தைப் பாக்குறதே இல்ல, அது எழுதினவங்க அடுப்போட நிமிஷம். பக்கத்துல என்ன அடையாளம் சொல்லிருக்காங்கன்னு மட்டும்தான் பாப்பேன், சத்தம் மாறணுமா, ஓரம் சிவக்கணுமா, எண்ணெய் பிரியணுமான்னு. வெங்காயம் தண்ணி விடுறப்ப ஒரு சளசள சத்தம் வரும், தண்ணி வத்தினதும் அது மாறி சுர்ருன்னு கூர்மையா கேக்கும், அதுக்கப்புறம்தான் நெறமே ஏறும். அந்தச் சத்தம் மாறுறப்ப வேற ரூம்ல இருந்தா நீங்க தொலைஞ்சீங்க.

இப்ப வொயிட் சாஸ். மைதா சூடான பால்ல நேரா விழுந்தா ஒவ்வொரு துளி மாவுக்கும் வெளிப்பக்கம் சட்டுனு வெந்து பசை மாதிரி மூடிக்கும், உள்ள தண்ணி போக வழியே இருக்காது. அதான் வெட்டிப் பாத்தப்ப காஞ்ச மாவு. முதல்ல வெண்ணெயில மைதாவைக் கிண்டச் சொல்றதே இதுக்காகத்தான், கொழுப்பு மாவு மணியை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பிரிச்சு வெச்சிடும், அப்புறம் பால் போனாலும் கட்டி தட்டாது. மாவு கம்மியா இருந்ததால தண்ணியா இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க, இல்ல. மாவுச்சத்து முழுசா கெட்டியாகணும்னா சாஸ் கொதிக்கணும், இல்ல கொதிக்கிற விளிம்புக்காவது வரணும். சிம்ல வெச்சிருந்தீங்க, பால் ரெண்டு மடங்கு, அது சூடாகவே இல்ல. இன்னும் நாலஞ்சு நிமிஷம் சும்மா இருந்திருந்தா அதுவே கெட்டியாகிருக்கும், நீங்க பயந்துபோய் மாவைக் கொட்டினீங்க, கொதி வந்தப்ப பழைய மாவும் புது மாவும் சேந்து ஒரே நேரத்துல வேலையைக் காட்டிடுச்சு.

300 மில்லி பாலுக்கு 25 கிராம் வெண்ணெய், 25 கிராம் மைதா. வெண்ணெயில மைதா போட்டு குறைஞ்சது ரெண்டு நிமிஷம், நுரைச்சு பிஸ்கட் வாசனை வரணும், அப்பத்தான் பச்சை வாசம் போகும். பாலை முதல்ல ஒரு கரண்டி ஊத்துங்க. பாத்தா திகிலா இருக்கும், மொத்தமும் உருண்டு களிமண் மாதிரி ஆகிடும், பயப்படாதீங்க அது அப்படித்தான் இருக்கணும், மழமழன்னு ஆனதும் அடுத்த கரண்டி. பாதிப் பால் போனதும் மிச்சத்தை மொத்தமா ஊத்திடலாம். அப்புறம் ஒரு கொதி விட்டு, தீயைக் குறைச்சு அஞ்சு நிமிஷம். இறக்குறப்ப வேணுங்கிறதை விடக் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும், ஆறினா இன்னும் இறுகும்.


தராசுத்தட்டு:

அக்கா சொன்னதுக்கு மேல வதக்குறதுல சொல்ல ஒண்ணும் இல்ல. நான் பேக்கிங் ஆளு, அளவு பத்தி மட்டும் சொல்றேன்.

நம்மள்ல பாதிப் பேர் "அளவு கரெக்டா போட்டேன்"னு சொல்றது கரெக்டே இல்ல. கப்புன்னு எழுதிருந்தா எந்தக் கப்பு? அமெரிக்கக் கப்பு 240 மில்லி, சில நாட்டுல 250. டேபிள்ஸ்பூன் பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாக்காரங்க ரெசிபில அதுவே 20. சரி கப்பு ஒண்ணுதான்னு வெச்சுக்குங்க, மாவு? டப்பாவுக்குள்ள கப்பை விட்டு அள்ளினா 150 கிராம் வரைக்கும் போகும், ஸ்பூனால தளர்வா நிரப்பி மேல வழிச்சு விட்டா 120தான். நாலு கப்பு மாவு போடுற ரெசிபில இதுவே 120 கிராம் வித்தியாசம், ஒரு கப்பு மாவு அதிகமா போட்டாச்சு. அப்புறம் கேக் கல்லு மாதிரி வருதுன்னு இங்க வந்து திரி போடுவோம்.

உப்புல இன்னும் மோசம். பொடி உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம். சிலர் செதில் செதிலா இருக்கிற உப்பை வெச்சு ரெசிபி எழுதிருப்பாங்க, அது ஒரு டீஸ்பூன் பாதி எடைதான் இருக்கும். அவங்க சொன்ன ஸ்பூன் கணக்குக்கு நீங்க பொடி உப்பு போட்டா வாயில வெக்க முடியாது. புது டிஷ்ல எப்பவுமே சொன்ன உப்புல பாதியைப் போட்டுட்டு ருசி பாத்து ஏத்துங்க.

ட்ரேயும் அப்படித்தான். 20 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்குப் பதிலா 25ல ஊத்தினா "அஞ்சு சென்டிமீட்டர்தானே"ன்னு தோணும், ஆனா பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல. கேக் தட்டையாகி சீக்கிரமே காஞ்சுடும்.

என் சொந்தக் கதை, முதல் கேக் ரெசிபில 350 டிகிரின்னு போட்டிருந்துச்சு. என் அவன்ல (கேக் சுடுற மின்அடுப்பு) கடைசி எண்ணே 250. சரி அவங்க அவன் பெரிசு போலன்னு நினைச்சு கடைசி வரைக்கும் திருகி விட்டேன். அது ஃபாரன்ஹீட்டுங்க. செல்சியஸ்ல 177தான். மேல கரி, உள்ள பாயசம். டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க, பாதிப் பிரச்சனை அன்னைக்கே போயிடும். ஃபேன் ஓடுற அவன்னா சொன்னதுல இருந்து 20 டிகிரி குறைச்சு வெக்கணும், அதையும் சேத்து நோட்ல எழுதி வெச்சுக்குங்க.


கைமணம்:

இந்தத் திரி லேப் மாதிரி ஆயிட்டிருக்கு. சமையலுக்குத் தராசு, தெர்மாமீட்டர், மயார், எல்லாம் வந்துடுச்சு, இன்னும் கண்ணாடிக் குடுவைதான் பாக்கி.

நான் இருபது வருஷமா கையாலதான் அள்ளிப் போடுறேன். புது டிஷ்ஷுன்னா ரெசிபியை ஒரு தடவை படிப்பேன், மூடிடுவேன், அப்புறம் நாக்கு சொல்றபடி. ருசி பாத்துப் பாத்து பண்றவனுக்கு அளவு எதுக்கு? நீங்க கரண்டி கரண்டியா அளந்துட்டு நடுவுல ஒரு தடவை கூட வாயில வெச்சுப் பாக்கல, அதான் பிரச்சனை. அந்த சாஸை ஒரு சொட்டு நக்கிப் பாத்திருந்தா பச்சை மாவுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். உப்பு கூடிப்போனா ஒரு உருளைக்கிழங்கைப் போட்டு எடுங்க, சரியாப் போச்சு.


தராசுத்தட்டு:

கைமணம் அண்ணே, நாக்கு விஷயத்துல முழுசா ஒத்துக்கிறேன், நடுநடுவுல ருசி பாக்காதவனுக்குத் தராசு இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஆனா உருளைக்கிழங்கு கதையை விட்டுடுங்க ப்ளீஸ். கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடிச்சு உறிஞ்சாது, உப்புத் தண்ணியைத்தான் உறிஞ்சும். மிச்சம் இருக்கிற குழம்போட உப்பு அப்படியேதான் இருக்கும், குழம்புதான் ஒரு கரண்டி கொறையும். தண்ணியோ பாலோ உப்பில்லாத காயோ சேத்துப் பெருக்குறதுதான் வழி. கொஞ்சம் புளிப்பு சேத்தா நாக்குக்கு உப்பு மட்டுப்பட்ட மாதிரி தெரியும், அது வேற.

அப்புறம் கேக் மாவை அவனுக்குள்ள விட்டப்புறம் என்னத்தை ருசி பாத்து என்னத்தை மாத்துவீங்க? 😄


கைமணம்:

கேக் நான் பண்றதில்ல, அதனால நான் சொன்னது சரிதான் 😄 பிரெட் பண்ணுவேன். ஈஸ்ட் கரைக்கிற தண்ணியை மணிக்கட்டுல விட்டுப் பாப்பேன், சுடவும் கூடாது குளுரவும் கூடாது. முதல் தடவை கொதிக்கிற தண்ணியில போட்டுட்டு ராத்திரி முழுக்க மாவு உப்பும் உப்பும்னு காத்துக்கிட்டு இருந்தேன், காலைல போட்டபடியே கெடந்துச்சு. ஒத்துக்கிறேன்.


தராசுத்தட்டு:

60 டிகிரில ஈஸ்ட் செத்துடும், 35 - 40 அதுக்குச் சொகம். உங்க மணிக்கட்டும் அதையேதான் சொல்லுது அண்ணே, எண் மட்டும் போடல.


பழையபானை:

யாரும் தொடாத ஒண்ணு, ரெசிபியைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு டிஷ் பண்ணணும்னு தோணுச்சுன்னா நான் ஒரே ஒரு வீடியோவைப் பாத்துட்டு அடுப்பு பத்த வெக்க மாட்டேன். மூணு ரெசிபியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பேன். மூணுலயும் ஒரே மாதிரி வர்றது எதுவோ அதுதான் அந்த டிஷ்ஷோட எலும்பு, அதுல கை வெக்கக் கூடாது. ஒருத்தர் பூண்டு போடுறார், ஒருத்தர் போடல, ஒருத்தர் மிளகு, ஒருத்தர் மிளகாய்னு இருக்கிறதெல்லாம் அவங்கவங்க இஷ்டம், அங்க நீங்க விளையாடலாம். மூணுல ரெண்டு 40 நிமிஷம்னு சொல்லி ஒண்ணு மட்டும் பத்துன்னு சொல்லுச்சுன்னா பொய் சொல்றது யாருன்னு தெரிஞ்சுபோகும்.

வீணாகாம இருக்க, முதல் தடவை ஒரு ஆளுக்கான அளவுக்குப் பண்ணுங்க. டபுள் வேண்டாம், பாதி. வழக்கமான சாப்பாடு எப்பவும் போல இருக்கட்டும், இது பக்கத்துல ஒரு கிண்ணம். நல்லா வந்தா ஆளுக்கு ரெண்டு ஸ்பூன், சண்டை போட்டு சாப்பிடுவாங்க. வரலைன்னா போனது ஒரு கிண்ணம்தான், பசியோட யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க. பசிச்ச வயித்துக்கு முன்னாடி பரிசோதனை வெச்சா மார்க் எப்பவும் கம்மியாத்தான் விழும். எனக்கென்னவோ உங்க பொண்ணு கேட்ட பிரெட்ல பாதி பசி, பாதிதான் சாஸ்.

கோழி, முட்டை மாதிரி ஐட்டம்னா மட்டும் "பரவால்ல சாப்பிடலாம்"னு சமாளிக்காதீங்க. கோழியோட தடிச்ச பகுதிக்குள்ள 74 டிகிரி வந்திருக்கணும், மேல எவ்வளவு சிவந்திருந்தாலும் அது கணக்கில்ல. இதுக்கு மட்டும் நான் தெர்மாமீட்டர் கட்சி.

கட்டி தட்டின சாஸை அடுத்த தடவை கொட்டாதீங்க, வடிகட்டியில அழுத்தித் தேய்ச்சு வடிச்சுட்டு, இறுகிருந்தா பாலை ஊத்தித் தளர்த்திடலாம். பச்சை வாசம் இருந்தா இன்னும் பத்து நிமிஷம் மெதுவா கொதிக்க விட்டா போயிடும்.


அரைக்கரண்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட லேட்டாயிடுச்சு, பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

நேத்து மறுபடி அதே டிஷ். பழையபானை சொன்ன மாதிரி வழக்கமான சமையலை முடிச்சு வெச்சுட்டு, 300 மில்லி பால் கணக்குல மட்டும். தராசு இன்னும் வாங்கல, வெண்ணெய் பாக்கெட்டு மேல கோடு போட்டிருந்துச்சு அதை வெச்சு வெட்டிட்டேன், மைதா குத்துமதிப்பா மூணு டேபிள்ஸ்பூன் வழிச்சு (தராசுத்தட்டு மன்னிக்கணும், 15 மில்லி ஸ்பூன்தான், செக் பண்ணேன்). ரெண்டு நிமிஷத்துல நிஜமாவே பிஸ்கட் வாசனை வந்துச்சு. முதல் கரண்டி பால் ஊத்தினதும் அக்கா சொன்ன அந்தக் களிமண். சொல்லாம இருந்திருந்தா அங்கேயே அடுப்பை அணைச்சிருப்பேன். மூணாவது கரண்டில மழமழன்னு ஆயிடுச்சு. மொத்தப் பாலும் போனப்புறம் மறுபடி தண்ணியாத்தான் இருந்துச்சு, கை மாவு டப்பா கிட்ட போச்சு, பின்னாடி இழுத்துக்கிட்டேன். ஓரத்துல முதல் குமிழி வந்துச்சு, கரண்டி லேசா கனக்குது, அடுத்த அரை நிமிஷத்துல கரண்டியைத் தூக்கினா பின்பக்கம் பூசின மாதிரி நிக்குது. விரலால கோடு போட்டேன், கோடு மூடல. நாக்குல வெச்சும் பாத்தேன் கைமணம் அண்ணே, உப்பு கொறைஞ்சிருந்துச்சு, ஒரு சிட்டிகை போட்டேன்.

வெங்காயம் ரெண்டே ரெண்டு, பெரிய வாணலி, 35 நிமிஷம். சத்தம் மாறுறதைக் கேக்குறதுக்காக டிவியை ஆஃப் பண்ணச் சொன்னேன், வீட்ல ஒரு மாதிரி பாத்தாங்க.

எல்லாம் சரியா வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு, சாஸையும் வெங்காயத்தையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்ததுல பக்கத்து அடுப்புல பாஸ்தா கொதிச்சுட்டு இருந்ததை மறந்தே போயிட்டேன். ஞாபகம் வந்து வடிகட்டினப்ப பாதி கஞ்சி. கடைசில சாஸை பிரெட் மேல ஊத்தி, வெங்காயத்தைத் தூவி சாப்பிட்டோம். பொண்ணு கிண்ணத்தை வழிச்சுட்டா.

பாஸ்தா எப்ப எடுக்கணும்னு கேக்குறதுக்குத் தனித் திரி போடணுமா, இங்கேயே கேக்கலாமா?


வாணலிவாசி:

இங்கேயே கேளுங்க. பாக்கெட்ல போட்டிருக்கிற நிமிஷத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாருங்க, நடுவுல மெல்லிசா வெள்ளைப் புள்ளி தெரியணும், அப்ப எடுத்து சாஸ்ல போட்டா மிச்சம் அங்க வேகும். வடிக்கிறதுக்கு முன்னாடி அந்தத் தண்ணில ஒரு டம்ளர் எடுத்து வெச்சுக்குங்க, சாஸ் இறுகினா தளர்த்துறதுக்கு அதை மிஞ்சினது இல்ல. நிமிஷத்தைப் பாக்க மாட்டேன்னு சொன்னவளே பாக்கெட் நிமிஷத்தைப் பாக்கச் சொல்றாளேன்னு கைமணம் கேப்பாரு, கேக்கட்டும்.


சாம்பல்பூனை:

பாஸ், பாஸ்தா கொதிக்கிறப்ப டிவியை ஆன் பண்ணி வைங்க, நாங்க கடிச்சுப் பாத்து சொல்றோம்.